காரணத்தை எழுத்தில் கொடுங்கள்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அம்மா, “வெளிநாட்டுக்காரங்களுக்கு போன் போடுத வேலை” என்பாள். அதில் தப்பொன்றும் இல்லை. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, பதினைந்து வருடம் இருட்டறையில் லேசர்களோடு மல்லுக்கட்டிய பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு வாய்த்தது அதுதான். நான்கு நாடுகளின் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஒரு குவாண்டம் கருவியைக் கடலில் சோதித்துப் பார்க்க ஒப்பந்தம் போட்டன. எங்கள் கூடமும் அதில் ஒன்று. நான்கு பேரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் ஒரே காரியத்தைச் செய்ய வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. முதலில் இருந்தவர் போனதும் என்னைப் போட்டார்கள்.

கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. அதற்குள் ரூபிடியம் என்ற உலோகத்தின் அணுக்கள் ஆவியாக இருக்கும். அதன் வழியே லேசர் ஒளியைப் பாய்ச்சினால், பூமியின் காந்தம் அந்த இடத்தில் எவ்வளவு என்பதை அணுக்களின் சுழற்சி காட்டிக்கொடுத்துவிடும். கடலுக்கு அடியில் உள்ள பாறை இடத்துக்கு இடம் வேறு. அதனால் காந்தமும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றங்களை முன்கூட்டியே வரைபடமாக்கி வைத்துக்கொண்டால், செயற்கைக்கோள் உதவி இல்லாமலேயே ஒரு படகு தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். செயற்கைக்கோள் சிக்னலை யார் வேண்டுமானாலும் அடைத்துவிடலாம், பொய்யாகவும் அனுப்பலாம் என்பதால் எல்லா நாட்டுக் கடற்படைக்கும் இதில் அக்கறை.

அறிவியல் இவ்வளவுதான். ஒருங்கிணைப்பு வேறு மாதிரி. கடலில் நடக்கப்போவதை ‘சோதனை’ என்பதா ‘செய்முறை விளக்கம்’ என்பதா என்று மூன்று வாரம் சண்டை நடந்தது. ஒரு நாட்டில், விளக்கம் என்று எழுதினால் அமைச்சர் வரைக்கும் கோப்பு போக வேண்டும். சோதனை என்றால் துறைத் தலைவரோடு நின்றுவிடும். ஒரு நாட்டுக்கு ரகசியம் நான்கு படி, இன்னொரு நாட்டுக்கு மூன்று படி. நடுவில் விழுகிற தாளை எந்தப் படியில் வைப்பது என்று யாருக்கும் தெரியாது. நானே ஓர் அட்டவணை போட்டு எல்லோருக்கும் அனுப்பினேன். பிறகு நான்கு ஆய்வுக்கூடங்களிலும் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் ஆய்வுக் கட்டுரைகள் எதற்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

கடல் சோதனைக்கு ஐந்து இடங்களின் பட்டியல் இருந்தது. நான் பொறுப்பேற்கும் முன்பே அதில் தூத்துக்குடி இருந்தது. தீவுகள் அரண்போட்ட அமைதியான கடல், பக்கத்திலேயே பெரிய துறைமுகம், ஆழமில்லாத நீருக்கு அடியில் பாறைத் திட்டுகள். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அந்தத் திட்டுகளைப் பார் என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். இடத்தைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில், அது என் சொந்த ஊர் என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, தூத்துக்குடிதான் என்றார்கள். இதை இங்கே குறித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு நான்தான் வற்புறுத்தி ஊருக்குக் கொண்டுவந்தேன் என்று ஒரு பேச்சு கிளம்பியது.

கருவிகள் கப்பலில் வந்து இறங்கின. சுங்கத்தில் ஒரு பெட்டி நின்றுபோனது. ரூபிடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும் என்று அதிகாரி எங்கோ படித்திருக்கிறார். அவர் படித்தது சரிதான். “நாலு நாடு கையெழுத்துப் போட்டிருக்கு மேடம், இல்லன்னு சொல்லல. எங்க ஃபார்ம்ல இதுக்குக் கட்டம் இல்லயே” என்றார். குப்பிக்குள் இருப்பது ஓர் உப்புக் கல்லில் பாதிகூட இருக்காது என்று சொன்னேன். உப்பு விளைகிற ஊர்க்காரர், அளவு புரிந்துவிட்டது. இருந்தும் ஆறு நாள் ஆயிற்று. ஆறு நாளும் காலை பத்து மணிக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஏழாவது நாள் கட்டம் இல்லாத ஃபார்மில் ஓரத்தில் கையால் எழுதிப் பெட்டியை விடுவித்தார்.

காந்தம் அளக்கிற கருவியை இரும்புக் கப்பலில் ஏற்ற முடியாது. மாலத்தீவுக்குக் காய்கறியும் கல்லும் ஏற்றிப்போகிற மரத் தோணி ஒன்றை வாடகைக்குப் பேசினோம். என்ன சரக்கு என்று தோணிக்கார அண்ணாச்சி கேட்டார். ஒரு பெட்டி என்றேன். “ஒரு பெட்டிக்கா தோணி?” என்று கேட்டுவிட்டு, எங்கள் குழுவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

இதெல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் படிவம் வந்தது.

சோதனை நாட்களில் கருவிக்குப் பக்கத்தில் இருக்கப்போகிற எல்லோரும் நிரப்ப வேண்டிய பின்னணிப் படிவம். பெரும்பாலும் வழக்கமான கேள்விகள். எட்டாம் பக்கத்தில் ஒன்று: உங்கள் நெருங்கிய உறவினர் எவரேனும் வேறொரு நாட்டால் கைது செய்யப்பட்டதுண்டா?

என் தம்பி படகோட்டி. கடலிலேயே நாலைந்து நாள் தங்கி மீன் பிடிக்கிற விசைப்படகு ஒன்றை ஓட்டுகிறான். சில வருடங்களுக்கு முன் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி அக்கரைக் கடற்படை அவனையும் சேர்த்து ஒன்பது பேரைப் பிடித்துப்போனது. எட்டு வாரம் சிறையில் இருந்தார்கள். தண்டனை இல்லாமல் விட்டுவிட்டார்கள். படகு திரும்பவில்லை. அந்த எட்டு வாரமும் அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. நான் டெல்லிக்கும் ஊருக்குமாக அலைந்து மனுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கூடத்தில் இந்தப் படிவங்களைச் சரிபார்க்கிற அலுவலர் நல்லவர். நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது, தண்டனை ஆகவில்லை என்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டாலும் பாதகமில்லை, பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு ‘ஆம்’ என்று எழுதி, கீழே விவரத்தையும் எழுதினேன். மறைத்தால், அவன் ஏதோ குற்றம் செய்துவிட்டான் என்று நானே ஒத்துக்கொண்டது போலாகும் என்று பட்டது.

அதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் மெச்சிக்கொள்வான் என்று உள்ளூர எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

“என்னைய என்னத்துக்குக்கா எழுதுன?”

“கேட்டிருந்தாங்க. எழுதினேன்.”

“அங்கன ஜெயில்ல எழுதுனாவ, கோர்ட்ல எழுதுனாவ. ஊருக்கு வந்தா இங்கன ஸ்டேஷன்ல எழுதுனாவ. இப்ப நீயும் எழுதுத. எம்பேரு போற எடமெல்லாம் ஒரு பேப்பர்ல கெடக்கு.”

இல்லை என்று எழுதச் சொல்கிறாயா என்று கேட்டேன். பேசாமல் விட்டிருக்கலாமே என்றான். அதன் பிறகு வெகுநாள் அவன் என்னோடு பேசவில்லை. அவனைக் கேட்காமல் அவன் பெயரை எழுதியது என் தப்புதான். ஆனால் கேட்டிருந்து அவன் வேண்டாமென்று சொல்லியிருந்தாலும் எழுதித்தான் இருப்பேன். அதுவும் எனக்குத் தெரியும்.

சோதனைக்குப் பத்து நாள் இருந்தபோது எங்கள் இயக்குநர் தூத்துக்குடிக்கே வந்தார். அவர் வருவதாக நிரலில் இல்லை. விருந்தினர் விடுதி வரவேற்பறையில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, கூட்டாளி நாடு ஒன்று என் பின்னணி குறித்துக் கவலை தெரிவித்திருப்பதாகச் சொன்னார். எந்த நாடு என்று சொல்லவில்லை. கவலை எழுத்தில் வரவில்லை, போனில் வந்ததாம். எல்லோருக்கும் சங்கடமில்லாத வழி ஒன்று இருக்கிறது என்றார். உடல்நிலை காரணமாக இந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று நான் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், துணையாக இருக்கும் சக விஞ்ஞானி எடுத்துக்கொள்வார்.

“நாலு வரி போதும் டாக்டர். உடம்பு முடியலன்னா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க” என்றார்.

“எனக்கு உடம்பு நல்லா இருக்கு சார்.”

“உங்க மரியாதைக்காகத்தான் சொல்றேன்.”

“மரியாதைக்குன்னா காரணத்தை எழுத்துல கொடுங்க. இவ தம்பி அக்கரைச் சிறையில இருந்தான், அதனால இவ வேண்டாம்னு ஒரே ஒரு வரி. அதை வாங்கிட்டு அன்னைக்கே கிளம்பிடுறேன்.”

அவர் காபியைக் குடித்து முடித்தார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒருங்கிணைப்பாளரை மாற்ற வேண்டுமென்றால் கேட்கிற நாடு காரணத்தை எழுதி மற்ற மூன்று நாடுகளுக்கும் அனுப்ப வேண்டும். பொறுப்பேற்றதும் அந்தப் பிரிவை வரைந்து சேர்த்தவளே நான்தான். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவரை ஒரு காரணமும் சொல்லாமல் தூக்கினார்கள். அவரை மனதில் வைத்து எழுதியது. எனக்கே பயன்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

இயக்குநர் போனபிறகு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபம்தான். எனக்குக் கோபம் வந்தால் அழுகைதான் முதலில் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. முகத்தைக் கழுவிவிட்டு, அன்று காலை நடந்த வழக்கமான கூட்டத்தின் குறிப்பை எழுதி நான்கு நாட்டுக்கும் அனுப்பினேன்.

அடுத்த சில நாட்கள் விசித்திரமாக இருந்தன. யாரும் என்னை நீக்கவில்லை. ஆனால் ஒரு கோப்புறை எனக்குத் திறக்கவில்லை. கேட்டால் தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். ஒரு கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அழைப்பு தவறிவிட்டது போலிருக்கிறது என்று எழுதி, இணைப்பை நானே கேட்டு வாங்கி, எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் காலை வணக்கம் சொல்லி, முதல் பொருளை வாசித்தேன். எனக்குத் துணையாக இருந்த சக விஞ்ஞானி தர்மசங்கடத்தில் தவித்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. என் நாற்காலியில் உட்காரச் சொன்ன ஒவ்வொரு முறையும், அவங்க இருக்காங்களே என்று மட்டும் சொன்னார். அது போதுமாக இருந்தது.

நான் பிடிவாதம் பிடித்தது தம்பிக்காகவா, என் நாற்காலிக்காகவா என்று அந்த நாட்களில் என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டும் கலந்துதான் இருந்தது. பிரித்துப் பார்க்கிற நிதானம் அப்போது இல்லை.

வெளிநாட்டுக் குழுக்கள் வந்து இறங்கியதும் துறைமுகத்தில் எங்களுக்கு ஒதுக்கிய கூட்ட அறையில் பாதுகாப்பு ஆலோசனை நடந்தது. ஒரு நாட்டுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு பெண்மணி. நரைத்த தலை, மென்மையான குரல். எல்லோரும் இருக்கும்போதே பேச அனுமதிப்பீர்களா என்று என்னிடம் கேட்டார். கவலை எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் பேசாமல் நேரே கேட்டதற்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது. தாராளமாகக் கேளுங்கள் என்றேன்.

சோதனை நடக்கப்போகிற பாதை உங்கள் தம்பிக்குத் தெரியுமா என்று கேட்டார்.

பாதையை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன் என்றேன். ஆனால் அந்தப் பாதையில் இருக்கிற ஒவ்வொரு பாரும் அவனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரியும், நாம்தான் இப்போது கருவி வைத்துத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்றும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அக்கரையில் அவனோடு தொடர்பில் இருப்பவர்கள் உண்டா என்று கேட்டார்.

யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் பிடிபட்டபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், எந்தச் சொல்லும் தடுக்கவில்லை. அவன் படகில் இருந்த, இடம் காட்டும் ஜிபிஎஸ் திரை, படகு நம் பக்கம் இருப்பதாகக் காட்டியது. பிடிக்க வந்தவர்களின் திரை, படகு அவர்கள் பக்கம் இருப்பதாகக் காட்டியது. இரண்டில் எது சரி என்று கடைசிவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. நடுக்கடலில் தாங்கள் எங்கே இருந்தோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் ஒன்பது பேர், எதிர்த்து ஒன்றும் பேசாமல், எட்டு வாரம் பூட்டிய அறைக்குள் இருந்தார்கள். “நீங்கள் நான்கு நாட்டிலிருந்து வந்து இங்கே உட்கார்ந்திருப்பது இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான். அந்தக் கேள்வியால் அடிபட்ட வீட்டிலிருந்து நான் வருகிறேன். அதுதான் என் தகுதிக்குறைவு என்றால், தயவுசெய்து அதை எழுதிக் கொடுங்கள்” என்றேன்.

மதிய உணவுக்குப் பிறகு முடிவு சொன்னார்கள். ஒருங்கிணைப்பாளராக நான் தொடரலாம். தோணியில் ஏறக் கூடாது. கரையில் இருக்க வேண்டும்.

ஒத்துக்கொண்டேன். ஆனால் கரையில் இருப்பது குழுவின் தீர்மானம், என் விருப்பம் அல்ல என்று குறிப்பில் ஏற்றச் சொன்னேன். அந்தப் பெண்மணி அந்த வாக்கியத்தை இரண்டு முறை வாசித்துவிட்டுத் தலையசைத்தார்.

இப்படியாக, என் சொந்தக் கடலில் என் சொந்தச் சோதனை நடந்த நான்கு நாளும் நான் படகுத்துறை ஓரத்து அறையில் ஒரு வயர்லெஸ் செட்டோடு உட்கார்ந்திருந்தேன். வாழ்நாளில் படகே ஏறாதவர்களெல்லாம் தோணியில் போனார்கள். முதல் நாளே இரண்டு பேர் வாந்தியெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தது நான். உள்ளே எரிந்தது. வேலையை மட்டும் விடவில்லை. கடற்படைப் படகு எப்போது முன்னால் போகும், தோணி எப்போது திரும்பும், யார் எந்தத் தரவுப் பெட்டியைக் கையெழுத்திட்டு வாங்குவார்கள் எல்லாம் என் மேசையிலிருந்துதான் நடந்தது.

முதல் இரண்டு நாளும் கருவி நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. பாறைத் திட்டு ஒவ்வொன்றின் மேலும் தோணி போகும்போது அளவு ஏறி இறங்குவது வரைபடத்தோடு பொருந்தி வந்தது. வயர்லெஸ்ஸில் கைதட்டல் கேட்டது. மூன்றாம் நாள் தோணி கப்பல் வழித்தடத்துக்குப் பக்கத்தில் போனது. அதே நேரத்தில் நிலக்கரி ஏற்றிய கப்பல் ஒன்று உள்ளே வந்தது. அவ்வளவு பெரிய இரும்பு மலை பக்கத்தில் போனால் அணுக்கள் என்ன செய்யும்? அளவு தாறுமாறாகக் குதித்தது. கருவியின் கணக்குப்படி தோணி அப்போது கடலிலேயே இல்லை, முத்தையாபுரம் பக்கத்து உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தது.

நான்காம் நாள் மறுபடியும் சரியாகிவிட்டது. அன்று பிற்பகலே முதன்மை விஞ்ஞானி என் அறைக்கு வந்தார். கருவியை வடிவமைத்தவர் அவர்தான், வேறொரு நாட்டுக்காரர், உலகறிந்த ஆள். மூன்றாம் நாள் ‘இயல்புக்குப் புறம்பானது’, அறிக்கையில் முதல், இரண்டாம், நான்காம் நாட்களைப் போட்டால் போதும் என்றார். என் கையெழுத்தோடு அறிக்கை போனால்தான் அது நான்கு நாட்டுக்கும் செல்லும்.

முடியாது என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். கருவியின் திறமையைக் காட்டுவதுதான் நோக்கம், கப்பல் போனது விபத்து. துறைமுகத்துக்கு வெளியே கப்பல் போவது விபத்தா என்று கேட்டேன். கப்பலே போகாத கடலில் வழி கண்டுபிடிக்க யாருக்கு இந்தக் கருவி வேண்டும் என்றும் கேட்டேன். அவர் முகம் சிவந்தது. நான் பௌதிகத்தை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்றார். ஆமாம், ஆனால் எண்ணத் தெரியும், நான்கு நாள் சோதனை என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றேன்.

அடுத்த வாரம் முழுக்கக் கடிதப் போர். இரண்டு நாடுகள் அவர் பக்கம் சாய்ந்தன. எங்கள் இயக்குநர் போன் செய்து, ஏற்கெனவே ஒரு பிரச்சினை நம் மேல் இருக்கிறது, இன்னொன்று வேண்டாமே என்றார். முதல் பிரச்சினையில் நான் ஒன்றும் தப்பு செய்யவில்லை, அதற்கு நன்றிக்கடனாக இரண்டாவதில் தப்பு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு நான்கு பேருக்கும் ஒரே கடிதம் எழுதினேன். அறிக்கையை இரண்டு விதமாக அனுப்பத் தயார். ஒன்று, நான்கு நாளும் உள்ளபடி. இல்லையென்றால், மூன்றாம் நாளுக்கு ஒரு வெற்றுப் பக்கம், அதன் மேலே, ‘அளக்கப்பட்டது, இன்னாரின் வேண்டுகோளால் தரப்படவில்லை’ என்று பெயரோடு ஒரு வரி. எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும்.

வியாழக்கிழமை பதில் வந்தது. நான்கு நாளும் போகட்டும் என்று முதன்மை விஞ்ஞானி எழுதியிருந்தார். வணக்கம்கூட இல்லாத ஒற்றை வரி. பல மாதம் கழித்து, அந்த மூன்றாம் நாளை வைத்துத்தான் கப்பல்களின் காந்தத்தைக் கழித்துப் பார்க்கும் முறையை அவருடைய குழு ஆராய்கிறது என்று அறிந்தேன். அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

முடிவுக் கூட்டம் அந்தப் பாதுகாப்பு அலுவலரின் நாட்டில் நடந்தது. விசா கிடைக்குமா என்று சந்தேகமாக இருந்தது, கிடைத்தது. அங்கே நான் ஒரு கோரிக்கை வைத்தேன். கடலடிப் பாறைகளின் காந்த வரைபடத்தில் ராணுவத்துக்கு வேண்டிய நுண்ணிய அளவுகள் ரகசியமாக இருக்கட்டும். மேலோட்டமான பதிப்பு ஒன்றை மீன்பிடிப் படகுகளுக்குத் திறந்துவிடலாம். திரை ஏமாற்றினாலும் தாங்கள் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை அவர்களும் ஒருநாள் தெரிந்துகொள்ள வழி பிறக்கும். அரை மணி நேரம் பேசினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். வாக்கெடுப்பில் ஒரு நாடு மட்டும் ஆதரித்தது. மறுத்த மூன்றில் எங்கள் நாடும் ஒன்று.

ஒருங்கிணைப்பாளருக்கு வாக்கு கிடையாது. ஆனால் கூட்டக் குறிப்பை எழுதுவது ஒருங்கிணைப்பாளர். என் எதிர்ப்பை ஒன்றரைப் பக்கத்துக்கு, ஒரு காரணமும் விடாமல் எழுதினேன். சுருக்கச் சொன்னார்கள். எந்தக் காரணம் தவறு என்று காட்டினால் எடுத்துவிடுகிறேன் என்றேன். யாரும் காட்டவில்லை. அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஊருக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து தம்பியும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் மறுபடி பேச ஆரம்பித்திருந்தான், ஆனாலும் அந்த விஷயத்தை இருவரும் தொடவில்லை. நான்தான் எடுத்தேன். துறைமுக அறையில் அவனைப் பற்றி எல்லோர் முன்னாலும் பேசியதைச் சொன்னேன். என்ன சொன்னாய் என்று கேட்டான். சொன்னேன். இரண்டு திரை, ஒன்பது பேர், எட்டு வாரம், பேசாமல் இருந்து வெளியே வந்தது.

“பேசாம இருந்தேன்னா சொன்ன?”

“ஆமா.”

“அது தப்பு.”

அவன் மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னான். அங்கே கோர்ட்டில் இரண்டாவது தவணைக்குப் போனபோது மொழிபெயர்ப்பாளர், எல்லை தாண்டியது உண்மை என்று ஒத்துக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்றாராம். மற்ற எட்டுப் பேரும் சரியென்று தலையாட்டினார்கள். இவன் மட்டும் எழுந்து நின்று, எங்கள் திரை இந்த இடத்தைக் காட்டியது, அதையும் எழுதுங்கள், எழுதினால் மிச்சத்தைப் பேசுவோம் என்றானாம்.

“அதுல இன்னொரு தவண தள்ளிப்போச்சுக்கா. பதினோரு நாளு. எங்கூட உள்ள ஒருத்தனும் எங்கிட்ட பேசல. எனக்கே தப்பு பண்ணிட்டமோன்னு ஆகிப்போச்சு.”

“எழுதுனாங்களா?”

“எழுதுனாவ. அது என்ன எழுத்தோ, எனக்கு வாசிக்கத் தெரியல. காட்டச் சொல்லிப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன்.”

இத்தனை வருடமும் இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. அம்மா கேட்டால் அந்தப் பதினொரு நாளுக்காக அவனைத் திட்டுவாள் என்று பயம். அவன் பேசாமல் அடங்கி இருந்துவிட்டு வந்தான், அவனுக்காக நான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொன்னேன். அவன், குழம்பு ஊற்றிக்கொள் என்றான்.

வரைபடம் ரகசியமாகவே இருக்கப்போகிறது என்பதையும் சொன்னேன். திரும்பக் கேட்க முடியாதா என்று கேட்டான். முடியும் என்றேன்.

இரண்டாம் கட்டச் சோதனைக்கான பேச்சு இப்போது தொடங்கியிருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு ஒரு நாடு வேறொருவரைப் பரிந்துரைத்திருப்பதாக வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள். இருக்கலாம். என்னிடம் எழுத்தில் எதுவும் வரவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கான நிரலை நேற்று நான்கு நாட்டுக்கும் அனுப்பிவிட்டேன். முதல் பொருள்: மீன்பிடிப் படகுகளுக்கு வரைபடம் தருவது குறித்த மறுபரிசீலனை.